வீல் ஹப்பில் விரிசல்: வீட்டுச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டார் சைக்கிள் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப், வண்டியின் எடை, பிரேக்கின் விசை, பின் சக்கரமானால் செயினின் இழுவை ஆகியவற்றைத் தாங்குகிறது. பெரும்பாலான வண்டிகளில் இது வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. இந்த உலோகம் வளைந்து காட்டி எச்சரிப்பது குறைவு. ஒரு துளையின் ஓரத்தில் மயிரிழையாகத் தொடங்கும் விரிசல், மீண்டும் மீண்டும் ஏறி இறங்கும் சுமையால் மெல்ல வளர்ந்து, பிறகு சட்டென்று உடைந்துவிடும். வீட்டில் செய்யும் சோதனையால் விரிசல் இருப்பதைக் கண்டுபிடிக்க முடியுமே தவிர, இல்லவே இல்லை என்று உறுதி கூற முடியாது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, சோதனையைச் சான்றிதழாக எடுத்துக்கொள்வதுதான் எல்லாத் தவறுகளுக்கும் மூலம் என்பேன்.

சக்கரத்தைக் கழற்றாமலே, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சுற்றிப் பார்த்துவிட்டு ஹப் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது பலரும் செய்யும் தவறு. பிரேக் டிஸ்க் ஒரு பக்கத்தையும், செயின் மாட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் மறு பக்கத்தையும் மறைத்துக்கொண்டிருக்க, கண்ணில் படுவது பாதி ஹப்தான். பின் சக்கரத்தில், அதிர்வைத் தாங்கும் ரப்பர்கள் அமர்ந்திருக்கும் அறைகளின் தடுப்புச் சுவர்கள் ஒவ்வொரு முறை வேகம் கூட்டும்போதும் தள்ளப்படுகின்றன. அச்சுவர்களின் அடிப்பகுதியில் விரிசல் விழுந்தால், ஸ்ப்ராக்கெட் தாங்கியைக் கழற்றாமல் அதைப் பார்க்க வழியே இல்லை.

அடுத்தது சுத்தம் செய்வது. சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. பளபளப்பாக்கினால் விரிசல் நன்றாகத் தெரியும் என்று நினைத்துக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்ப்பவர்கள் உண்டு. அலுமினியம் மென்மையான உலோகம். தேய்க்கும்போது மேற்பரப்பு இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடுகிறது. மணல் வீசிச் சுத்தம் செய்தாலும் இதே கதிதான். அதன் பிறகு விரிசலைக் காட்டும் எந்தச் சாயத்தைப் பூசினாலும் உள்ளே இறங்காது. காஸ்டிக் சோடா போன்ற கடும் காரங்கள் அலுமினியத்தையே அரிப்பதால் அவற்றையும் தவிர்க்க வேண்டும். கிரீஸ் நீக்கும் திரவமும் நைலான் பிரஷ்ஷும் போதும். கழுவிய பின் முழுமையாக உலரவிட வேண்டும். பெயின்ட் இருந்தால் சுரண்டாமல், அலுமினியத்துக்கு ஏற்ற பெயின்ட் நீக்கியால் கரைத்தெடுக்க வேண்டும், ஏனெனில் உலோகம் வெடித்தும் பெயின்ட் வெடிக்காமல் இருக்கலாம், பெயின்ட் மட்டும் வெடித்து உலோகம் நலமாகவும் இருக்கலாம். டிரம் பிரேக்கின் உள்ளே படிந்த தூசியைக் காற்றால் ஊதுவது கூடாது. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பானது.

பார்க்கும்போது டார்ச்சை நேராகப் பிடிப்பது இன்னொரு தவறு. ஒளி பரப்பின் மீது சாய்வாக விழுந்தால்தான் விரிசலின் விளிம்பு நிழலாகத் தெரியும். ஸ்போக் சக்கரத்தில் கம்பிகள் கோத்திருக்கும் வளையத்தில், ஒரு துளையின் ஓரத்திலிருந்து அடுத்த துளையை நோக்கியோ வளையத்தின் வெளி விளிம்பை நோக்கியோ மெல்லிய கருங்கோடு ஓடுகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் துளை துளையாகப் பார்க்க வேண்டும். துடைத்து உலரவிட்ட சற்று நேரத்தில் எண்ணெய் ஈரம் அதே இடத்தில் மீண்டும் கோடாகக் கசிந்தால், அது வெறும் மேற்கீறல் அல்ல, விரிசல் என்று சந்தேகிக்க வலுவான காரணம் கிடைத்துவிட்டது. ஸ்போக் ஒரே இடத்தில் அடிக்கடி உடைந்தால் அங்கே கூடுதல் கவனம் தேவை. பேரிங் அமரும் குழியின் விளிம்பு, டிஸ்க் போல்ட் இறங்கும் மேடுகள், இரும்பு டிரம் வளையம் அலுமினியத்தோடு சேரும் இணைப்பு ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது.

வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் உண்டாகும் மெல்லிய வரம்பை விரிசல் என்று பயந்து நல்ல ஹப்பைத் தூக்கி எறிபவர்களும் இருக்கிறார்கள். அந்த வரம்பு சீராக, பெரும்பாலும் இரு பக்கமும் ஒத்தபடி ஓடும். விரிசலோ துளை, மூலை, போல்ட் மரை போன்ற அழுத்தம் குவியும் இடத்தில் தொடங்கி ஒழுங்கின்றி வளையும். நகத்தால் தடவி, தட்டுப்படவில்லை என்பதற்காக விரிசல் இல்லை என்று கருதுவது ஆபத்தானது, ஏனெனில் தொடக்கநிலை விரிசல் நகத்தில் சிக்காது. சுத்தியலால் தட்டி ஓசை கேட்பதும் பயன் தராது. டயரும் பேரிங்கும் ஓசையை அடக்கிவிடும். காந்தத்தூள் சோதனை இரும்புக்கு ஏற்றது, அலுமினியத்தில் பலிக்காது.

ஐயம் தீராவிட்டால் சிவப்புச் சாயம் ஊடுருவும் சோதனைப் பெட்டி உதவும். இதில் இரண்டு தவறுகள் மிகுதி. சாயத்தை ஊற விடாமல் உடனே துடைப்பது ஒன்று. தயாரிப்பாளர் குறிப்பிட்ட நேரம், வழக்கமாகப் பத்து நிமிடமாவது, பொறுக்க வேண்டும். மற்றது, மிஞ்சிய சாயத்தை நீக்கச் சுத்திகரிப்புத் திரவத்தை ஹப்பின் மீதே தெளிப்பது. அது விரிசலுக்குள் போன சாயத்தையும் கழுவி எடுத்துவிடும். துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும். பிறகு சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெண்ணிற டெவலப்பரை மெல்லிய படலமாகத் தெளித்து, சிவப்புக் கோடு ஊறி வருகிறதா என்று காத்திருக்க வேண்டும். மேற்பரப்பில் வாய் திறந்திருக்கும் விரிசலை மட்டுமே இது காட்டும். இத்திரவங்கள் தீப்பற்றக்கூடியவை, ஆகவே காற்றோட்டமான இடத்தில் செய்வது கட்டாயம். பிரேக் ஷூ, டிஸ்க், டயர் ஆகியவற்றின் மீது அவை படக்கூடாது.

சோதிக்கும் வேலையே விரிசலை உண்டாக்குவதும் நடக்கிறது. ஹப்பின் அடியில் சரியான தாங்கல் இல்லாமல் பேரிங்கை ஒரே பக்கமாக அடித்து எடுத்தால் குழியின் விளிம்பு உடையும். தீச்சுடரால் சூடேற்றினால் அலுமினியத்தின் வலிமை குறையும். பேரிங் நன்றாகச் சுற்றினால் அதைத் தொடாமல் விட்டுவிடலாம்.

விரிசல் உறுதியானால் எபாக்ஸி பசை பூசுவதும், விரிசலின் முனையில் துளையிட்டு அதை நிறுத்தப் பார்ப்பதும், வெல்டிங் வைப்பதும் சரியான தீர்வு அல்ல. வெல்டிங்கின் வெப்பம் சுற்றியுள்ள உலோகத்தின் பலத்தைக் குலைத்து, வேறோர் இடத்தில் விரிசலைத் தொடங்கி வைக்கலாம். ஹப்பை மாற்றுவதோடு, ஸ்போக் அளவுக்கு மீறி முறுக்கப்பட்டிருந்ததா, ரப்பர்கள் தேய்ந்து போயிருந்தனவா என்று காரணத்தையும் தேட வேண்டும். இல்லையேல் புதிய ஹப்பிலும் அதே இடம் வெடிக்கலாம்.

சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது ஆக்சில் நட்டைக் கைப்பழக்கத்தால் முறுக்காமல், வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குவிசையைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் ஊசி இருந்தால் அதைப் புதியதாகப் போட வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால், வண்டியை நகர்த்தும் முன் லீவரோ பெடலோ இறுகும் வரை சில தடவை அழுத்திக்கொள்ள வேண்டும்.