இறைச்சிக் கடைச் சுவரில் பதித்த பீங்கான் ஓட்டு ஓவியங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் விக்டோரியா அரசி காலத்தின் இறுதியிலும் அதன் பின்னரும் இறைச்சிக் கடைக்காரர்கள் சுவரெங்கும் பீங்கான் டைல்ஸ் பதித்ததற்கு முதற்காரணம், இரத்தக் கறையை ஈரத் துணியால் துடைத்துவிடலாம் என்பதே. அவற்றுக்கிடையே மேயும் மாட்டையும் கொழுத்த பன்றியையும் தீட்டிய ஓடுகளைப் பொருத்தியது நயமான விளம்பரம். லண்டன் ஹாரட்ஸ் அங்காடியின் இறைச்சிக் கூடத்துக்காக 1902-இல் நீட்பி என்ற கலைஞர் வடிவமைத்து டௌல்டன் என்ற பீங்கான் நிறுவனம் செய்துகொடுத்த வேட்டைக் காட்சிகள் இக்கலையின் உச்சம். சிற்றூர்க் கடைகளில் எஞ்சியவையோ, கடை காப்பிக்கடையாக மாறும்போது பாழாகின்றன.

அவற்றைச் சட்டமிட்ட படம்போல் எண்ணிப் பெயர்க்க முயல்வதே பெருந்தவறு. பின்னுள்ள காரை இறுகியிருப்பதால், உளி பட்டதும் காரைக்கு முன்பாக ஓடுதான் உடைகிறது.

அடுத்தது ஓதத்தை, அதாவது சுவரில் ஏறும் ஈரத்தை, கவனியாமல் விடுவது. இறைச்சிக்கு உப்பிட்ட கடைகளின் சுவர் ஏற்கெனவே உப்பை உறிஞ்சியிருக்கும். ஒழுகும் கூரைத் தூம்பின் நீரும் சேர்ந்தால், அந்த உப்பு ஓட்டின் மெருகுக்கு (மேலே உள்ள கண்ணாடிப் பூச்சுக்கு) அடியில் படிகமாகி, மாட்டின் முகத்தையே செதில் செதிலாக உரித்துவிடும். அந்நிலையில் மேலே சிலிக்கான் பூசுவது ஈரத்தை உள்ளேயே பூட்டிவைப்பதாகும். முதலில் தூம்பைச் சரிசெய்து, சுவரை மாதக்கணக்கில் உலரவிட வேண்டும்.

கழிவறை கழுவும் அமிலத்தையும் கம்பித் தூரிகையையும் அருகிலேயே கொண்டுவரக் கூடாது. மெருகின் மேல் தீட்டிச் சுட்ட வண்ணங்கள் தேய்த்தால் போய்விடும். மென்மையான சோப்பு நீரும் பருத்தித் துணியும் போதும். பழைய மெருகில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், இயந்திரத்தால் அறுத்துத் தூசி கிளப்புவது வேலை செய்பவரின் உடலுக்கும் கேடு.

உடைந்த இடத்தில் புது ஓடு வைப்பவர்கள் அளவில் சறுக்குகிறார்கள். பழையது ஆறு அங்குலம், அதாவது ஏறத்தாழ 152 மில்லிமீட்டர். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் 150. ஒன்றில் தெரியாத இந்த வேறுபாடு, பத்து ஓட்டு வரிசையில் இரண்டு சென்டிமீட்டராகிறது. பழைய வேலையில் இணைப்பு மயிரிழை அளவே இருப்பதால், அதைச் சாந்தால் நிரப்பி மறைக்கவும் இயலாது.

கட்டடம் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால், அனுமதியின்றி அதன் தன்மையைப் பாதிக்கும் வேலை செய்வது இங்கிலாந்தின் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கொத்தனாரை அழைக்கும் முன்பே உள்ளாட்சி மன்ற அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. காணாமற்போன ஓட்டுக்குப் பதிலாக அரைகுறைத் திறமையுடன் பன்றி வரைவதைவிட, அதே நிறத்தில் வெற்று ஓடு ஒன்றைப் பதிப்பதே நேர்மையான வேலை என்பேன்.