கல்லீரல், கணையப் புற்றுநோய் அறுவை மருத்துவராக விரும்புவோருக்கு

இந்தியாவில் இத்துறைக்கு வர விரும்புபவர், ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., மூன்றாண்டு எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை ஆகியவற்றை முடித்து, நீட் எஸ்.எஸ். போன்ற நுழைவுத் தேர்வின் வழியாக எம்.சிஎச். என்னும் மூன்றாண்டு உயர்சிறப்பு அறுவைப் படிப்பில் சேர வேண்டும். இரைப்பை-குடல் அறுவை சிகிச்சை, புற்றுநோய் அறுவை சிகிச்சை ஆகிய இரண்டில் எதைப் படித்தும் இத்துறையை அடையலாம். கல்லூரியின் பெயரைவிட, அங்கு இத்தகைய அறுவைகள் எத்தனை நடக்கின்றன, மாணவருக்குக் கத்தியைப் பிடிக்கும் வாய்ப்பு எவ்வளவு கிடைக்கிறது என்பதை மூத்த மாணவர்களிடம் விசாரித்துத் தேர்ந்தெடுப்பதே சரியென்று உறுதியாகக் கருதுகிறேன்.

காரணம் உண்டு. விப்பிள் அறுவையில் கணையத்தின் தலைப்பகுதியையும் முன்சிறுகுடலையும் அகற்றியபின், எஞ்சிய கணையத்தைச் சிறுகுடலோடு இணைக்கும் தையலே மிகக் கடினமானது. கணையம் மென்மையாகவும் அதன் நாளம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அகலமே உடையதாகவும் இருந்தால், முடிச்சைச் சற்று இறுக்கினாலும் திசு கிழிந்துவிடும். கசியும் செரிமான நீர் அருகிலுள்ள இரத்தக்குழாயை அரித்து உயிருக்கே ஆபத்தை விளைவிக்கலாம். இந்தக் கைப்பக்குவம் நூல்களால் வருவதில்லை. ஆகவே, எம்.சிஎச். முடித்ததும், இவ்வகை அறுவைகள் மிகுதியாக நடக்கும் மருத்துவமனையில் ஓராண்டாவது சிறப்புப் பயிற்சி பெறுங்கள். கல்லீரலை வெட்டுமுன் எஞ்சப்போகும் பகுதியின் கன அளவை சி.டி. ஸ்கேனில் கணக்கிடவும், யாருக்கு அறுவை வேண்டாம் என்று முடிவெடுக்கவும் அங்கேயே பழகுங்கள்.