மனைவிக்கு மார்பில் கட்டியா? கணவர்கள் அவசரத்தில் செய்யும் தவறுகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரியிலிருந்து மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகக் கீழே இறங்கும் குடும்பங்களோடு துணைக்குப் போய்வருபவர்கள் எழுதுவது இது. புதிதாக வரும் கணவர்கள் எல்லோரும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். நாங்கள் விழுந்து எழுந்த பள்ளமும் அதுதான். கட்டியைக் காட்டாமல் மறைப்பது, பச்சிலை வைத்துக் கட்டுவது போன்றவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுவோம். பாசத்தில், நல்லது என்று நினைத்துச் செய்பவை மட்டும் இங்கே.

பயாப்சி இல்லாமல் கட்டியை வெட்டி எடுப்பது

பயாப்சி என்றால் கட்டியிலிருந்து சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது. அதைச் செய்யாமல் கட்டியையே எடுப்பதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் அடங்குவதில்லை. "சின்னக் கட்டிதான், மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் எடுத்துடலாம்" என்று யாரோ சொல்வார்கள். வீட்டுக்காரரும் தலையாட்டிவிடுவார்.

கோத்தகிரிப் பக்கத்துக்காரர் ஒருவர் அப்படி எடுத்த கட்டியை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் சலைனில் மிதக்கவிட்டு, மறுநாள் மதியம் கோவை லேபுக்குக் கொண்டுவந்தார். டப்பாவின் மேல் பேனாவில் எழுதிய பெயர் ஈரத்தில் பாதி கரைந்திருந்தது. புற்றுநோய்தான் என்பது வரை லேபில் சொன்னார்கள். ஈஆர், பிஆர் (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) சோதனைகளை அந்தச் சதையில் நம்பிச் செய்ய முடியவில்லை.

வெட்டிய சதையை ஒரு மணி நேரத்துக்குள் சதையைப் பதப்படுத்தும் 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும். சதையைப் போல் பத்து மடங்கு திரவம் வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் அதில் ஊற வேண்டும். சலைன் சதையைக் காப்பாற்றாது. உள்ளே இருக்கும் புரதங்கள் சிதைந்துபோகும். அந்தப் புரதங்களைத் தேடித்தான் மேற்படி மூன்று சோதனைகளும்.

சிகிச்சையே அந்த மூன்றில்தான் நிற்கிறது. ஈஆர் பாசிட்டிவ் என்றால் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் ஹார்மோனுக்கு எதிரான மாத்திரை. ஹெர்2 3+ (தெளிவான பாசிட்டிவ்) என்றால் டிராஸ்டுசுமாப் ஊசி, வழக்கமாக ஓராண்டுக்கு, மூன்று வாரத்துக்கு ஒன்று. 2+ என்று வந்தால் அது முடிவில்லை, ஹெர்2 மரபணுவையே எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் சோதனை செய்தாக வேண்டும். மூன்றுமே நெகட்டிவ் (டிரிபிள் நெகட்டிவ்) என்றால் கீமோதான் முதுகெலும்பு. அறிக்கை இல்லாவிட்டால் டாக்டர் இருட்டில் கை நீட்டுகிறார்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. ஹெர்2 பாசிட்டிவ், டிரிபிள் நெகட்டிவ் வகைகளில் கட்டி 2 செ.மீ. தாண்டினாலோ அக்குள் நெறிக்கட்டிக்கு (நிணநீர் முடிச்சு) பரவியிருந்தாலோ பெரும்பாலும் கீமோவை முதலில் கொடுத்துப் பிறகுதான் ஆபரேஷன். மருந்துக்குக் கட்டி கரைகிறதா என்று பார்த்துத்தான் ஆபரேஷனுக்குப் பிந்தைய மருந்தையும் முடிவு செய்வார்கள். கட்டியை முன்பே எடுத்துவிட்டால் எதைப் பார்ப்பது? ஓரங்களில் மிச்சம் இருக்கிறதா என்றும் தெரியாமல், மறுபடியும் மேஜையில் படுக்க வேண்டிவரும்.

சரியான வழி ட்ரூ-கட் பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த ஊசியால் நான்கைந்து நூல் துண்டுகள் எடுப்பார்கள். அரை மணி வேலை, அன்றே வீடு. மெல்லிய ஊசியில் செல்லை மட்டும் உறிஞ்சும் எஃப்என்ஏசி இதற்குப் போதாது. ஊசி குத்தினால் பரவும் என்பது ஊர்ப்பேச்சு. அறிக்கைக்காக ஒரு வாரம், பத்து நாள் காத்திருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. காத்திருக்க முடியாது என்று குதிப்பவரே, கேரட் அறுவடை முடியட்டும் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டவராக இருப்பார்.

அறிக்கையை வாங்கி, பிளாக்கை விட்டுவிட்டு வருவது

வேறொரு டாக்டரின் கருத்தையும் கேட்கப் போனால், அவர் கேட்பது காகிதத்தை மட்டும் அல்ல. மெழுகில் பதித்த சதைத் துண்டு, அதுதான் பிளாக். தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் சட்டத்தில் இருக்கும். அதன் விளிம்பில் உள்ள எண்ணும் அறிக்கையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று லேபிலேயே பார்த்து வாங்குங்கள். கண்ணாடி ஸ்லைடுகளையும் கேளுங்கள். ஊட்டிக் குளிரில் கவலையில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்தால் மெழுகு இளகும்.

"முழுசா எடுத்துடுங்க டாக்டர்"

இதைச் சொல்வது பெரும்பாலும் கணவர். மனைவி பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும், மார்பகத்தை முழுதாக எடுத்தாலும் ஆயுளில் வித்தியாசமில்லை. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இரண்டு ஆய்வுகள் 2002இல் இதைக் காட்டின.

மலைக்காரர்கள் உண்மையில் கணக்குப் போடுவது கதிர்வீச்சின் அலைச்சலை. இப்போது பலருக்கும் 15 நாள். திங்கள் முதல் வெள்ளி வரை, மூன்று வாரம் கீழே தங்கினால் முடியும். சிலருக்கு ஐந்து வாரம். முழுதாக எடுத்தால் அலைச்சல் இல்லை என்றும் நம்பாதீர்கள்: நான்கு நெறிக்கட்டிகளிலோ அதற்கு மேலோ பரவியிருந்தால் அப்போதும் கதிர்வீச்சு உண்டு. முடிவைச் சொல்ல வேண்டியவர் மனைவி. "உனக்கு என்ன தோணுது?" என்று டாக்டர் அறைக்குள் போகும் முன்பே கேட்டு, அவர் சொல்லும் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் அந்தத் தாள் அவர் கையில் இருக்கட்டும்.

"அவளுக்குத் தெரிய வேண்டாம்"

நோயை மனைவியிடம் மறைத்தாலும், கீமோ வார்டில் பக்கத்துக் கட்டில்காரம்மா முதல் நாளே சொல்லிவிடுவார்.

குழந்தை வேண்டுமா என்று பேசாமலிருப்பது

கீமோ தொடங்கிய பிறகு கேட்டால் தாமதம். கருமுட்டை சேமிப்பதெல்லாம் முதல் ஊசிக்கு முன்.

காப்பீட்டைக் கடைசியில் கேட்பது

முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. முன் அனுமதி வந்த பிறகே சிகிச்சை தொடங்க வேண்டும். அட்டையோடு முதல் நாளே காப்பீட்டுக் கவுண்டருக்குப் போங்கள்.

கீமோ முடிந்த கையோடு மலை ஏறுவது

வாந்தி வரும் உடம்போடு குன்னூர் மலைச்சாலையின் பர்லியாறு வளைவுகள். முதல் ஊசிக்காவது ஓரிரவு கீழே தங்குங்கள். அதைவிட ஆபத்து பிறகு வருகிறது. ஊசிக்குப் பின் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் என்றால், பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று படுக்கக் கூடாது. நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றச் சில மணி நேரம்தான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து குன்னூர்ச் சாலை அடைபட்டால் கோத்தகிரி வழி திறந்திருக்கிறதா என்பதை விசாரித்து வைத்திருங்கள். ராத்திரியில் கிளம்பக்கூடிய டிரைவர் ஒருவரின் நம்பரும், பேட்டரி உள்ள தெர்மாமீட்டரும் கட்டில் அருகே இருக்கட்டும். கீமோ அட்டையைப் பையிலேயே வையுங்கள். எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள்.