கென்னடி எழுதியதும் டேப்பில் இருப்பதும்: வரலாற்று ஆய்வு நூல் படிக்கும்போது செய்யும் தவறுகள்

பழைய புத்தகக் கடையில் கிரஹாம் ஆலிசனின் 'எசென்ஸ் ஆஃப் டிசிஷன்' கண்ணில் பட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சர்வதேச அரசியல் படிக்கிறவர்கள் அடிக்கடி சொல்லும் நூல் அது. 1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்ததும் வாஷிங்டனும் மாஸ்கோவும் எப்படி முடிவெடுத்தன என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்கிறது. பென்சிலால் கோடு போட்டுப் போட்டுப் படித்தேன். அதை வைத்து ஒரு வாசகர் கூட்டத்தில் பேசவும் செய்தேன். பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "எந்த வருஷத்துப் பதிப்பு, தம்பி?"

திருப்பிப் பார்த்தால் 1971. ஆலிசனே 1999-இல் பிலிப் செலிகோவைச் சேர்த்துக்கொண்டு அந்த நூலைத் திருத்தி எழுதிவிட்டார். ஆசிரியர் கைவிட்ட இடங்களையும் நான் அடித்துப் பேசியிருக்கிறேன்.

பதிப்புரிமைப் பக்கத்தைப் பார்க்காமல் தாண்டுவதுதான் முதல் தவறு. பல பேர் அட்டையைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள், இதை மட்டும் பார்க்க மாட்டார்கள். எழுதிய ஆண்டில் எந்த ஆவணம் திறந்திருந்ததோ அதுவரைக்கும்தான் ஆசிரியருக்குத் தெரியும். அன்றைய அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி ரகசியமாகப் பதிவு செய்த கூட்டங்களின் டேப் 1971-இல் வெளியே வந்திருக்கவில்லை. சோவியத் ஆவணங்களும் பூட்டிக் கிடந்தன. டேப்பின் எழுத்து வடிவம் பெரிய நூலாக வந்தது 1997-இல். கியூபாவில் இருந்த சோவியத் படையினர் சுமார் 10,000 பேர் என்று அன்று அமெரிக்க உளவுத்துறை கணக்கிட்டது. உண்மையில் 40,000-க்கும் மேல். அமெரிக்கா படையெடுத்திருந்தால் பயன்படுத்தக்கூடிய குறுகிய தூர அணு ஆயுதங்களும் தீவில் இருந்தன என்பது 1992-இல் ஹவானாவில் நடந்த மாநாட்டில் வெளிப்பட்டது. இதெல்லாம் தெரியாமல் எழுதிய நூல் மோசம் என்று அர்த்தமில்லை. எதுவரை தெரிந்து எழுதியது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் போதும்.

அடுத்தது இதைவிடப் பெரியது. நினைவுக் குறிப்பை ஆய்வு நூல் மாதிரி நம்பிவிடுவது. அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடியின் 'தேர்ட்டீன் டேஸ்' (பதின்மூன்று நாட்கள்) அவர் இறந்த பிறகு 1969-இல் வந்தது. மெலிந்த நூல், ஒரே மூச்சில் படித்துவிடலாம். அக்டோபர் 27 இரவு சோவியத் தூதர் டோப்ரினினைச் சந்தித்ததை அதில் சொல்கிறார். துருக்கியில் இருந்த அமெரிக்க ஜூபிடர் ஏவுகணைகளைப் பற்றிப் பேச்சு வருகிறது. கியூபா ஏவுகணைகளுக்கு ஈடாக என்ற பேரம் எதுவும் கிடையாது, ஆனால் அவை எப்படியும் சீக்கிரம் அகற்றப்படும் என்கிற மாதிரி அந்த இடம் எழுதப்பட்டிருக்கிறது. நூலைச் செப்பனிட்டவர் கென்னடிகளுக்கு நெருக்கமான டெட் சோரன்சன். 1989-இல் மாஸ்கோவில் நடந்த மாநாட்டில் அவரே ஒத்துக்கொண்டார்: ராபர்ட்டின் நாட்குறிப்பில் அது பேரம் என்றே தெளிவாக இருந்தது, அப்போது அது ரகசியம் என்பதால் தானே நூலில் அதை மாற்றினேன் என்று. ஆக, 20 வருஷம் அந்தப் பக்கத்தை மேற்கோள் காட்டியவர்கள் எல்லோரும் திருத்தப்பட்ட பக்கத்தைத்தான் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

அதே நூலில், முதல் நாள் கூட்டத்தில் திடீர்த் தாக்குதல் பற்றிப் பேச்சு எழுந்தபோது, பேர்ல் ஹார்பர் தாக்குதலைத் திட்டமிட்ட ஜப்பான் பிரதமர் டோஜோவின் மனநிலை இப்போது புரிகிறது என்று அண்ணனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்ததாக ராபர்ட் சொல்கிறார். படிக்கிறவருக்கு அவர்மேல் மரியாதை வந்துவிடும். அதே அக்டோபர் 16-ஆம் தேதி டேப்பில் அவர் குரல் வேறு மாதிரி ஒலிக்கிறது. கியூபாவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான குவாண்டனாமோ வழியாகவோ, 'மெய்ன்' கப்பல் மூழ்கியது போல எதையாவது செய்தோ, சண்டைக்கு ஒரு சாக்கு உண்டாக்க முடியுமா என்று கேட்கிறார். 1898-இல் அந்தக் கப்பல் ஹவானா துறைமுகத்தில் வெடித்து மூழ்கியதுதான் ஸ்பெயினோடு போர் மூளச் சாக்கானது. சீட்டு எழுதியதும் அவர்தான், இதைக் கேட்டதும் அவர்தான். நூலில் எதை வைப்பது என்று தேர்ந்ததும் அவர்தான்.

இதனால்தான் பின்குறிப்புகளைப் புரட்டச் சொல்கிறேன். பின்னால் 80 பக்கம் பொடி எழுத்தில் இருந்தால் புத்தகம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று சந்தோஷப்படுகிற ஆள்தான் நானும். இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எல்லாக் குறிப்பையும் பார்ப்பதில்லை, என்னை அசத்துகிற வாக்கியத்துக்கு மட்டும் பின்னால் போய்ப் பார்ப்பேன். அங்கே அன்றைய தேதியிட்ட ஆவணம் இருந்தால் ஒரு கணக்கு. 25 வருஷம் கழித்து எடுத்த பேட்டி இருந்தால் வேறு கணக்கு. இன்னொரு ஆய்வாளரின் நூல் மட்டும் இருந்தால், அவர் எங்கிருந்து எடுத்தார் என்று ஒரு படி கீழே இறங்க வேண்டும். பல தடவை அந்தப் படி 'தேர்ட்டீன் டேஸ்' நூலில்தான் போய் நிற்கும்.

முன்னுரையைத் தாண்டிவிட்டு நேராக முதல் அத்தியாயத்துக்குப் போவதும் தவறுதான். ஆய்வு நூலில் ஆசிரியர் யாரோடு சண்டை போடுகிறார் என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இது நாவல் இல்லை, முடிவுரையை முதலில் படித்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

சரி, பெயருக்கு வருவோம். அந்தப் 13 நாள் என்பதே வாஷிங்டன் கணக்கு. கென்னடியிடம் புகைப்படங்களைக் காட்டிய அக்டோபர் 16-இல் தொடங்கி, ஏவுகணைகளை அகற்றச் சோவியத் தலைவர் குருஷேவ் ஒத்துக்கொண்ட 28-இல் முடிகிறது. மாஸ்கோவுக்கு அது கரீபிய நெருக்கடி. ஏவுகணை அனுப்பலாம் என்ற முடிவு மே மாதமே எடுக்கப்பட்டுவிட்டது. கியூபாவுக்கு அது அக்டோபர் நெருக்கடி, ஆனால் கதை 1961 ஏப்ரலில், பன்றிகள் விரிகுடாவில் அமெரிக்க ஆதரவோடு நடந்த படையெடுப்பில் தொடங்குகிறது. கியூபாவைச் சுற்றி அமெரிக்கக் கடற்படை போட்ட தடை விலகியது நவம்பர் 20-இல். நூல் எந்தத் தேதியில் ஆரம்பிக்கிறது என்று பார்த்தாலே ஆசிரியர் எங்கே நின்று பார்க்கிறார் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

ஒரு தலைப்புக்கு ஒரே அலமாரியோடு நிற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1962 அக்டோபர் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சீனப் போர். அது வெடித்தது 20-ஆம் தேதி. அக்டோபர் 25-இல் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சி நாளேடான 'பிராவ்தா' சீனாவின் பக்கம் சாய்ந்து எழுதியது. நவம்பர் தொடக்கத்தில் தொனி மாறி நடுநிலைக்கு வந்தது. இந்திய-சீனப் போர் நூல்களை மட்டும் படிக்கிறவருக்கு, இந்தியாவோடு நட்பாக இருந்த மாஸ்கோ ஏன் பத்தே நாளில் இப்படிப் புரண்டு படுத்தது என்று குழப்பமாக இருக்கும். அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே, கியூபா நெருக்கடி தணிந்த 28-ஆம் தேதி வருகிறது என்பது தெரிய, நூலகத்தில் நாலு அலமாரி தள்ளிப் போய் கியூபா நூலை எடுக்க வேண்டும்.