சென்னையில் படிக்க ரூம் தேடுகிறவர்கள் ஏமாறும் இடங்கள்

ப்ளஸ் டூ முடித்தவர்களும் டிகிரி முடித்தவர்களும் பையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வருவது ஜூன், ஜூலையில்தான். இரண்டு நாளில் ரூம் பிடித்தாக வேண்டும், கூட வந்த அப்பாவுக்கு அன்றிரவே ஊருக்கு பஸ். அந்த அவசரத்தில் நாம் பார்ப்பது கட்டில், ஃபேன், டைல்ஸ், வாடகை, அவ்வளவுதான். அப்புறம் மூன்று வருஷம் நம்மைப் படுத்தி எடுப்பதோ தண்ணீரும், தூரமும், காலி செய்யும் நாளும். நான் இந்த ஊரில் நான்கு இடம் மாறியவன். அதனால் இதில் பாதி சொந்த அனுபவம்.

முதலில், உங்கள் வகுப்பு எந்த வளாகத்தில் நடக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், அண்ணா பல்கலைக்கழகம் என்று கவுன்சிலிங்கில் எடுத்துவிட்டு, அதன் மெயின் கேம்பஸ் பக்கத்தில் இருக்கும் கோட்டூர்புரத்தில் அட்வான்ஸ் கொடுத்தவரை எனக்குத் தெரியும். அவருக்குக் கிடைத்தது அதே பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகம், அது இருப்பது குரோம்பேட்டையில். சென்னைப் பல்கலைக்கழகமும் அப்படித்தான்: சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி என்று வளாகங்கள் பிரிந்து கிடக்கின்றன. சேப்பாக்கமும் மெரினாவும் நடக்கும் தூரம். கிண்டி அப்படியில்லை, அறிவியல் துறைகள் பல அங்கேதான்.

அடுத்தது தூரம். மேப்பில் 15 கிலோமீட்டர் என்று பார்த்து ஏமாறாதீர்கள். சென்னையில் கிலோமீட்டர் கணக்கு செல்லாது, ரயில் பாதை கணக்குதான் செல்லும். நான் முதல் வருஷம் மாசம் 2,000 ரூபாய் மிச்சம் என்று மேடவாக்கம் தாண்டி ரூம் எடுத்தேன். பஸ்ஸில் வேளச்சேரி, அங்கிருந்து பறக்கும் ரயிலில் சேப்பாக்கம். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், அதுவும் மழை இல்லாத நாளில். ரயிலில் பிரச்சினையே இல்லை, வேளச்சேரி வரை வருவதற்குள்தான் உயிர் போய்விடும். சேப்பாக்கத்தில் படிப்பவர் மந்தைவெளி, திருவான்மியூர், தரமணி, ஏன் வேளச்சேரி ஸ்டேஷன் பக்கத்திலேயே கூடப் பார்க்கலாம், எல்லாம் ஒரே பாதை. லயோலா என்றால் நுங்கம்பாக்கம் ஸ்டேஷன் அருகிலேயே. அப்போது தாம்பரம் லைனில் சைதாப்பேட்டையோ பல்லாவரமோ கல்லூரிக்கு ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் வேறொரு ஏரியாவை விடச் சுலபம். ஸ்டேஷனிலிருந்து ரூமுக்கு நடக்க எத்தனை நிமிஷம் என்று காலை எட்டரை மணிக்கு ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்தால் எல்லாமே பக்கம்தான்.

கல்லூரி ஹாஸ்டலை, சீனியர் யாரோ சாப்பாடு கேவலம் என்று சொன்னதைக் கேட்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். முதல் வருஷம் உள்ளே இருந்து ஊரைப் பழகிக்கொண்டு, பிறகு நண்பர்களோடு வெளியே வருவதுதான் என்னைக் கேட்டால் புத்திசாலித்தனம். ஆதிதிராவிடர் நலத்துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் கல்லூரி மாணவர்களுக்கு இலவச விடுதிகள் நடத்துகின்றன என்பது தகுதி உள்ள பலருக்கே தெரிவதில்லை. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கையில் இல்லாமல் வந்து நின்று, ஊருக்குப் போய் வாங்கி வருவதற்குள் இடம் நிரம்பிவிடும். கிளம்பும்போதே எடுத்து வையுங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டு, லாரிக்குக் காத்துக் கிடந்த ஊர் இது. அதற்குப் பிறகும் ரூம் பார்க்கப் போகிறவர் குழாயைத் திறந்து பார்க்காமல் வந்தால் தப்பு யாருடையது? குழாயைத் திறந்து கை கழுவுங்கள். சோப்பு நுரைக்காவிட்டால் உப்புத் தண்ணீர். ஷவர் முகப்பிலும் பக்கெட் ஓரத்திலும் வெள்ளையாகப் படிந்திருந்தாலும் அதேதான், முடி கொட்டுகிறது என்று ஆறு மாசம் கழித்து அம்மாவிடம் புலம்பப் போகிறீர்கள். மெட்ரோ வாட்டரா (குடிநீர் வாரியத் தண்ணீர்), போர்வெல்லா, லாரியா, குடிக்கிற கேன் யார் காசு என்று கேளுங்கள். முக்கியமாக, மோட்டார் எப்போது போடுவார்கள் என்று கேளுங்கள். நான் இருந்த ஒரு பி.ஜி.யில் (பேயிங் கெஸ்ட் விடுதி) காலை 6 முதல் 7 வரைதான் மோட்டார், 14 பேருக்கு இரண்டு பாத்ரூம். பக்கெட்டில் பெயின்டால் பேர் எழுதி முந்தின இரவே வரிசையில் வைத்துவிட்டுப் படுப்போம். அப்படியும் காலையில் என் பக்கெட் நான்காவது இடத்திலிருந்து ஏழாவது இடத்துக்கு நகர்ந்திருக்கும். பேர் எழுதியதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

தண்ணீர் இல்லாத கதை இப்படியென்றால், தண்ணீர் வரும் கதை வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நிலைமை என்ன என்று எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். ஆனால் ஜூன் வெயிலில் அதே தெருவில் தரைத்தள ரூமைப் பார்க்கும்போது மறந்துவிடும். சுவரில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஹவுஸ் ஓனரிடம் கேட்டு என்ன பயன், எதிர்த்தாற்போல் இருக்கிற டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, "அண்ணே, இந்தத் தெருவுல போன மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். கையை இடுப்பில் வைத்துக் காட்டினால் டீயைக் குடித்துவிட்டு அடுத்த ஏரியாவுக்குக் கிளம்பலாம்.

மெத்தை கொடுக்கிறார்கள் என்று சந்தோஷப்படும் முன் அதைத் தூக்கி, ஓரத் தையலில் போன் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்தால் மூட்டைப்பூச்சி. இரண்டாவது வருஷம் நான் கொசு என்று நினைத்து ஒரு மாசம் கொசுவத்தி வாங்கித் தள்ளினேன்.

பெண்கள் விடுதி பார்ப்பவர்கள் கவனிக்க: 2014-ல் பொள்ளாச்சி விடுதியில் நடந்த கொடுமைக்குப் பிறகு, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான விடுதிகளை முறைப்படுத்தத் தனிச் சட்டமே வந்தது. விடுதி நடத்த லைசென்ஸ் வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். முகத்தைச் சுளித்தால் அதுவே பதில். கேட் மூடும் நேரத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், லேப் முடிந்து, ரயில் தாமதமாகி, அரை மணி பிந்தி வந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் அங்கே ஏற்கெனவே தங்கியிருக்கும் பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள். வார்டன் சொல்வதும் அவர் சொல்வதும் ஒன்றாக இருக்காது.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லா மெஸ்ஸிலும் அதே சாம்பார்தான். கேட்க வேண்டியது, பொங்கலுக்கும் செமஸ்டர் லீவுக்கும் ஊருக்குப் போனால் மெஸ் காசைக் கழிப்பார்களா என்பதைத்தான். மாசக் கடைசியில் கையில் காசில்லாதபோது ஒரு ரூபாய் இட்லிக்கு அம்மா உணவகம் இருக்கிறது.

இப்போது பணம். நண்பர்கள் சேர்ந்து வீடு எடுத்தால் ஓனர் பத்து மாச வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது இந்த ஊரில் வழக்கம். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாத வரை மூன்று மாச வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. கவனியுங்கள், "ஒத்துக்கொள்ளாத வரை". படிக்காமல் கையெழுத்துப் போட்டால் பத்து மாசத்துக்கும் நீங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும். இரண்டாவது, அக்ரிமென்ட் நால்வரில் ஒருவர் பேரில் மட்டும் இருந்து, நடுவில் ஒருவன் வேலை கிடைத்துக் கிளம்பினால், அவன் பங்கு அட்வான்ஸை யார் தருவது? குடிபோகும் முன்பே நால்வரும் பேசி வாட்ஸ்அப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

கரன்ட் பில்லிலும் ஒரு சங்கதி உண்டு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், பயன்பாடு கூடக் கூட விலையும் ஏறும். ஒரே மீட்டரில் மூன்று போர்ஷனை இணைத்துவிட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வசூலித்தால், அந்த 100 யூனிட் யாருக்குப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பி.ஜி.யில் வாடகைக்கு மேல் ஜி.எஸ்.டி. என்று தனியாகக் கேட்டால், ஆளுக்கு மாசம் 20,000 ரூபாய் வரை, தொடர்ந்து 90 நாள் தங்குகிறவர்களுக்கு 2024 ஜூலையிலிருந்து விலக்கு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கடைசியாகக் காலி செய்வது. பெயின்டிங்குக்கு என்று ஒரு மாச வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே எழுதாத சட்டம். சேரும்போதே எவ்வளவு பிடிப்பீர்கள் என்று எழுதி வாங்குங்கள், சேர்ந்த அன்றே சுவர், பாத்ரூம், ஜன்னல் கொக்கி வரை வீடியோ எடுத்து ஓனருக்கே அனுப்பிவிடுங்கள். ஒரு மாசம் முன்னால் சொல்ல வேண்டும் என்றால் அதையும் மெசேஜில் சொல்லுங்கள், வாயால் சொன்னது நிற்காது. அப்புறம், அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகுதான் சாவி. நான் "ரெண்டு நாள்ல போட்டுடறேன் தம்பி" என்ற வார்த்தையை நம்பி சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று மாசம் போன் அடித்தேன், நேரில் இரண்டு முறை போனேன். கடைசியில் 18,000-க்கு 11,000 வந்தது, ஜிபேயில், கூடவே ஒரு கும்பிடு எமோஜியும்.