செங்கோட்டையிலிருந்து விமானத்துக்குக் கட்டுச்சோறு

எங்கள் தெருவில் மகளின் பிரசவத்துக்கோ பேரனைப் பார்க்கவோ யார் அமெரிக்கா கிளம்பினாலும் கட்டுச்சோறு என் அடுப்பில்தான் வேகும். முதல்முறை போகிற மதினிமார்களும் அக்காமார்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் மூன்று பொட்டலமாகக் கட்டுவேன். காருக்கு ஒன்று, செக்யூரிட்டிக்கு முன்னால் சாப்பிட ஒன்று, விமானத்துக்குள் ஒன்று. போய் இறங்குவதற்குள் மூன்றும் தீர்ந்துவிட வேண்டும். மிச்சம் வருகிற அளவுக்குக் கட்டவே கூடாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

காருக்கு அதிகம் வேண்டாம். திருவனந்தபுரம் விமானநிலையத்துக்குப் போகிற வழியில், புளியரை தாண்டியதும் எஸ் வளைவு, அப்புறம் ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை என்று மலைப்பாதை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் பாலோடு என்கிற ஊர் வருவதற்குள் குமட்டிவிடும். இரண்டு இட்லி, அவித்த ஏத்தம்பழம் ஒன்று, வாயில் ஒதுக்கிக்கொள்ள உப்பில் காய்ந்த நார்த்தங்காய்த் துண்டு, இது போதும். சாரல் காலத்தில் மலையில் மண் சரியலாம், செக்போஸ்ட்டில் லாரி வரிசை நிற்கலாம், அதனால் ஒரு மணி நேரம் முன்கூட்டியே கிளம்புங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். டிரைவரிடம் சாக்கை பக்கத்து டெர்மினல் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சங்குமுகம் பக்கம் இருப்பது உள்நாட்டு விமானங்களுக்கு. நடுவில் ஓடுபாதை இருப்பதால், மாறிப் போனால் ஊரைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆறாட்டு, அதாவது சாமியை நீராட்டக் கொண்டுபோகிற ஊர்வலம், அந்த ஓடுபாதை வழியாகவே கடலுக்குப் போகும். அன்றைக்குச் சில மணி நேரம் விமானநிலையத்தை மூடி, விமான நேரங்களை மாற்றிவிடுவார்கள். அந்த மாதங்களில் பயணம் என்றால் தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பொட்டலம் தயிர்சாதம். 2006-க்குப் பிறகு பெரும்பாலான விமானநிலையங்களில், கைப்பையில் நீர்மமோ கூழோ ஒரு பாத்திரத்துக்கு 100 மில்லிக்கு மேல் போகக்கூடாது. தயிர், சாம்பார், சட்னி, நெய், தேன் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். தயிர்சாதத்தை விடுவார்களா என்பது சோதனை செய்கிறவர் கையில் இருக்கிறது, அந்தச் சந்தேகத்தோடு வரிசையில் நிற்பானேன்? செக்-இன் முடித்துவிட்டு செக்யூரிட்டிக்குப் போகுமுன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுங்கள். கையில் காலி பாட்டில் ஒன்று இருக்கட்டும். உள்ளே போனதும் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். வளைகுடாவில் விமானம் மாறும்போது மறுபடியும் சோதனை இருக்கும், அங்கேயும் பாட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் நிற்க வேண்டும்.

மூன்றாவது பொட்டலத்தில்தான் என் முழுக் கவனமும் இருக்கும். வளைகுடா வரை நாலு மணி நேரம், அங்கிருந்து நியூயார்க்குக்கு இன்னொரு பதினாலு மணி நேரம், நடுவில் காத்திருப்பு. கெடாத சாப்பாடாக இருக்க வேண்டும், வாயு உண்டாக்கக் கூடாது, பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்தக் கூடாது. என் கையிருப்பு பொடி இட்லியும் புளியோதரையும்.

இட்லியை இறக்கியதும் பொடி தடவாதீர்கள். நன்றாக ஆறட்டும். மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் விரலால் தேய்த்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, வாட்டிய வாழையிலையில் அடுக்குங்கள். நம் பக்கத்துக் கை தானாகத் தேங்காயெண்ணெய்க்குப் போகும். இதற்கு மட்டும் வேண்டாம். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். விமானத்தின் குளிரில் இட்லிமேல் வெள்ளையாகப் படிந்து நாக்கில் ஒட்டும். நல்லெண்ணெய் அப்படியே இளகி நிற்கும். பொடியைத் தனியாக டப்பாவில் கொண்டுபோகவும் வேண்டாம், மிளகாய்த்தூள் வகை கைப்பையில் தகராறு. காலையில் கட்டின இட்லியை அன்று ராத்திரிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

அடுத்த வேளைக்குப் புளியோதரை. சோற்றை உதிரியாக வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி, மஞ்சள்தூளும் நல்லெண்ணெயும் விட்டு, விசிறியால் வீசி ஆறவையுங்கள். சட்டியிலேயே மூடி ஆறவிட்ட சோறு உதவாது. வேகாத அரிசியிலேயே ஒரு கிருமியின் வித்து இருக்கும். கொதிக்கிற உலையிலும் அது சாகாது, சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகும், அது விடுகிற நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சீக்கிரம் ஆறவைப்பதும் புளியின் புளிப்பும் சேர்ந்துதான் கட்டுச்சோற்றைக் காப்பாற்றுகின்றன. புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கும் வரை கொதிக்கவிட்டு, அதையும் ஆறவைத்த பிறகே கலக்க வேண்டும். சூட்டோடு டப்பாவை மூடினால் மூடியில் முத்து முத்தாக நீர் கோக்கும், அந்த நீர் சோற்றில் சொட்டுகிற இடத்திலிருந்துதான் ஊசிப்போக ஆரம்பிக்கும்.

தாளிப்பில் நிலக்கடலை போடாதீர்கள். ஒவ்வாமை உள்ள பயணி இருந்தால் கடலை சாப்பிட வேண்டாம் என்று அறிவிப்பார்கள், பொறுக்கிக்கொண்டு உட்கார முடியாது. கடலைப்பருப்பைச் சிவக்க வறுத்துப் போட்டால் அதே கடி இருக்கும். உப்பும் புளியும் வீட்டில் போடுவதைவிட ஒரு சிட்டிகை தூக்கலாக இருக்கட்டும். உயரத்தில் வறண்ட காற்றில் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மந்தமாகத்தான் தெரியும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை விட்டுவிட்டுப் புளியை மட்டும் கூட்டுங்கள்.

தேங்காய் சேர்த்த எதுவும் மூன்றாவது பொட்டலத்தில் வேண்டாம், முதலில் ஊசுவது அதுதான். கொப்பரை தீப்பற்றக்கூடிய சரக்கு என்பதால் பெட்டியிலும் ஏற்றமாட்டார்கள். மரச்சீனி, சுண்டல், முட்டைகோஸ் வேண்டாம். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலையில் இருப்பதுபோல் குறைந்திருக்கும், வயிற்றுக்குள் இருக்கும் வாயு அதற்கேற்ப விரியும். மூடின சிப்ஸ் பாக்கெட் உப்புவதும் இதனால்தான். ஏத்தங்காய் சிப்ஸை டப்பாவில் மாற்றிக்கொள்ளுங்கள். கருவாடு, பூண்டு ஊறுகாய், அவித்த முட்டை பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை.

இறங்கும்போது காது அடைத்தால் பனங்கற்கண்டு ஒரு துண்டு போட்டுக்கொண்டு உமிழ்நீரை விழுங்கிக்கொண்டே இருங்கள். பணிப்பெண்கள் வெந்நீர் தருவார்கள். நம் டப்பாவைச் சூடு பண்ணித் தரச் சொல்லாதீர்கள், பொதுவாகச் செய்யமாட்டார்கள். சில சிக்கன விமானங்களில் சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடவே விதி இடம் தராது, டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுச்சோறு இருந்தாலும் விமானத்தின் சைவச் சாப்பாட்டுக்கும் சொல்லி வையுங்கள். ஏவிஎம்எல் என்று பதிவு செய்தால் மசாலா சேர்ந்த நம் வகைச் சைவம் வரும். குறைந்தது ஒரு நாள் முன்னால் சொல்ல வேண்டும். விமானம் தாமதமானால் அது கைகொடுக்கும்.

சர்க்கரைக்காரர்கள் இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெட்டியில் போட்டால் கீழே உறைந்து வீணாகலாம். டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். நேரம் மாறும்போது எந்த ஊசியை எப்போது போடுவது என்று கிளம்புமுன் அவரிடமே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

இனி மிச்சம் கூடாது என்றேனே, அது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சாப்பாடு இருந்தால் இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். பழம், பச்சைக் கறிவேப்பிலை, இறைச்சி எதையும் விடமாட்டார்கள். தானியத்தை அரிக்கிற காப்ரா வண்டுக்குப் பயந்து, நாம் ஆசையாகக் கொண்டுபோகிற அரிசியையும் அமெரிக்கா திருப்பிவிடும். லண்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா போகாது, பால் பண்டத்துக்கு அங்கே தடை. துபாயில் இறங்குகிறவர்கள் பையில் கசகசா ஒரு சிட்டிகைகூட இருக்கக் கூடாது, அது அங்கே போதைப்பொருள் கணக்கு. சாப்பிட்டு முடித்த வாழையிலையும் பழத்தோலும்கூடச் செடிப்பொருள்தான், இறங்குமுன் விமானத்திலேயே குப்பைக்குக் கொடுத்துவிடுங்கள். அப்படியும் டப்பாவில் ஏதாவது இருந்து அதிகாரி கேட்டால், உள்ளதைச் சொல்லித் திறந்து காட்டுங்கள். ஆகாதது என்றால் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். மறைத்து அகப்பட்டால்தான் அபராதம்.