பழைய காமிக்ஸ் சக்திகளை எடைபோடும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

பழைய காமிக்ஸின் கோமாளித்தனமான சக்திகளைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் மாட்டிக்கொள்வது மேட்டர்-ஈட்டர் லேட்தான். 1962-ல் டிசி காமிக்ஸின் ‘லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்’ கூட்டத்தில் தலைகாட்டிய பையன். அவனுடைய ஒரே சக்தி, எதையும் கடித்துத் தின்பது. பாறையோ இரும்புக் கதவோ, எல்லாம் ஒன்றுதான். “இதெல்லாம் நடக்குமா?” என்று நானும் பல வருடம் சிரித்திருக்கிறேன். அதே இதழில் சூப்பர்பாய் பறந்துகொண்டிருப்பான். அதைப் பார்த்து ஒரு நாளும் சிரித்ததில்லை.

எல்லோரும் செய்யும் முதல் தவறு இது. வினோதமாக இருப்பதை நடக்க முடியாதது என்று எடுத்துக்கொள்கிறோம். கண்ணுக்குப் பழகியதைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

மேட்டர்-ஈட்டர் லேடின் கதையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். அவனுடைய பிஸ்மால் கிரகத்தில் நுண்ணுயிரிகள் உணவையெல்லாம் தின்ன முடியாதபடி கெடுத்துவிட, அங்குள்ளவர்கள் எதையும் தின்று வாழும்படி பரிணமித்தார்களாம். பரிணாமம் இந்த மாதிரி வேலையைச் செய்யத்தான் செய்கிறது. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2016-ல் அறிவித்தார்கள். பாறையைச் சுரண்டி இரை தேடும் லிம்பெட் என்ற கடல் நத்தையின் பற்களில் இரும்புத் தாது இழைகள் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? பிரான்சின் மிஷேல் லோட்டிட்டோ ஒரு செஸ்னா 150 விமானத்தையே பொடிப்பொடியாக நறுக்கி, சுமார் இரண்டு வருடத்தில் தின்று முடித்தார். ஆக, தின்பதில் பெரிய சிக்கல் இல்லை. தின்ற பிறகுதான் சிக்கல். இரும்பில் மாவுச்சத்தும் இல்லை, கொழுப்பும் இல்லை. வயிறு நிறையும், பசி அடங்காது. அப்புறம், பாதிக் கதவைத் தின்றவனின் எடை பாதிக் கதவு அளவுக்குக் கூட வேண்டும். அடுத்த படக் கட்டத்திலும் அவன் பழையபடி ஒல்லியாகவே நிற்கிறான். சிரிப்பதாக இருந்தால் அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சிரிக்கலாம்.

இப்போது சூப்பர்மேன். 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் அவருக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். எட்டில் ஒரு பங்கு மைல், அதாவது சுமார் 200 மீட்டர். ஒரே பெயரில் வருவதால் எல்லாக் காலத்துக் கதைகளிலும் இருப்பது ஒரே ஆள் என்று நினைத்துக்கொள்வது இன்னொரு தவறு. கணக்குப் போட்டால் தாவிய சூப்பர்மேனுக்கும் பிற்காலத்தில் பறந்த சூப்பர்மேனுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது தெரியும். 200 மீட்டர் தாண்ட மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் தரையை விட்டுக் கிளம்ப வேண்டும். முழங்காலை மடக்கி அரை மீட்டர் தூரத்துக்குள் அந்த வேகத்தை எட்ட, 80 கிலோ ஆள் தரையை ஏறக்குறைய 16 டன் எடைக்குச் சமமாக மிதிக்க வேண்டும். இரண்டு பாதங்களில் அந்த அழுத்தத்தை நல்ல கான்கிரீட் தாங்கும். மண் தரை என்றால் ஆள் மேலே போவதற்குப் பதில் கால் உள்ளே போகும். அசுரத்தனமான கால்கள் தேவை, அவ்வளவுதான். இயற்பியல் விதி எதுவும் உடையவில்லை. பறக்கும் சூப்பர்மேன் கதை வேறு. அவர் எதையும் பின்னால் தள்ளாமலே முன்னால் போகிறார். தாவலிலிருந்து பறத்தலுக்கு மாறியபோது அவருடைய நம்பகத்தன்மை அதலபாதாளத்தில் விழுந்தது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் தாவலுக்கு அந்த இதழ் கொடுக்கும் விளக்கத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். எறும்பு தன் எடையைப் போல் பல நூறு மடங்கைத் தாங்குகிறதே, வெட்டுக்கிளி அவ்வளவு தூரம் தாவுகிறதே என்கிறது அது. “எறும்பு மனித அளவுக்கு வளர்ந்தால் லாரியைத் தூக்கும்” என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறோம். தூக்காது. உயரம் இரண்டு மடங்கானால் தசையின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும், எடையோ எட்டு மடங்கு. பெரிய விலங்கின் எலும்பு ஏன் தடித்திருக்க வேண்டும் என்று கலிலியோ 1638-லேயே எழுதிவிட்டார். மனித அளவு எறும்புக்குத் தன் உடம்பைத் தூக்கி நிறுத்தவே கால் போதாது.

தலைப்பில் இருக்கும் சக்தியை மட்டும் பார்ப்பதும் பெரிய தவறு. கூடவே ஓசைப்படாமல் நுழையும் சக்திகள்தான் பெரும்பாலும் பெரியவை. 1961-ல் வந்த ‘தி ஆட்டம்’ ரே பால்மரை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்குறு விண்மீனின், அதாவது எரிந்து முடிந்து இறுகிச் சுருங்கிய விண்மீனின், துண்டு ஒன்றைக் கண்டெடுத்து, அதிலிருந்து உடம்பைச் சுருக்கும் கருவியைச் செய்கிறார். மனிதர் சுருங்க முடியுமா என்று எல்லோரும் விவாதிக்கிறோம். வெண்குறு விண்மீனின் பொருள் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு டன் அளவில் இருக்கும். கால்பந்து அளவுத் துண்டு ஐயாயிரம் டன்னைத் தாண்டும். அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தாரே, அந்தச் சக்தி எப்போது வந்தது?

தமிழில் நாம் படித்த இரும்புக்கை மாயாவியும் இதே ரகம். 1962-ல் பிரிட்டனின் வேலியண்ட் இதழில் தொடங்கியவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். மின்சாரத்தால் உடம்பு மறையுமா என்ற கேள்வியை விடுங்கள், அது கதைக்கு நாம் கொடுக்கும் கடன். உடம்போடு உடையும் மறைகிறது, கை மட்டும் ஏன் மறையவில்லை? விழித்திரை ஒளியை உறிஞ்சினால்தான் பார்வை. முழுக்க மறைந்தவர் குருடராக அல்லவா தடுமாற வேண்டும்?

“அந்தக் காலத்தில் அறிவியல் தெரியாது” என்று மொத்தமாகத் தள்ளிவிடுவதும் சரியில்லை. எக்ஸ் கதிர் மரபணு மாற்றத்தை உண்டாக்கும் என்பதை ஹெர்மன் முல்லர் 1927-லேயே காட்டிவிட்டார். கதிர்வீச்சால் சக்தி பெறும் 1960-களின் நாயகர்கள் அதற்குப் பிறகு வந்தவர்கள். மாற்றம் ஒவ்வொரு செல்லிலும் வேறு வேறாக விழும், வளர்ந்த உடம்பை ஒரே இரவில் திருத்தி எழுதாது என்பதுதான் கதையில் விடுபட்டது. மறுபக்கம், 1940-ல் வந்த முதல் ஃப்ளாஷ் ‘கடின நீர்’ ஆவியைச் சுவாசித்து வேகம் பெற்றார். கடின நீர் என்பது சுண்ணாம்புச் சத்துள்ள சாதாரணக் கிணற்றுத் தண்ணீர். பிற்காலத்தில் அதைக் ‘கன நீர்’ என்று மாற்றிக்கொண்டார்கள். கன நீர், அதாவது சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான ஹைட்ரஜன் உள்ள நீர், 1930-களின் தொடக்கத்திலேயே அறிமுகமான பொருள். ஆக, இதற்குக் காலத்தைக் குறை சொல்ல முடியாது.

சில சக்திகளைச் சோதிக்கவே கூடாது. 1958-ல் சூப்பர்மேனின் கையிலிருந்து ஒரு குட்டி சூப்பர்மேன் கிளம்பி எல்லா வேலையையும் செய்கிறான். பெரியவருக்கு அவன்மேல் பொறாமை. அது பொறாமையைப் பற்றிய கதை. அங்கே போய் நிறை, ஆற்றல் என்று கணக்குப் போடுவது வீண் வேலை. அந்தக் காலத்து டிசியில் விசித்திரமான அட்டைப்படத்தை முதலில் வரையவைத்து, அதற்கேற்ற கதையைப் பிறகு எழுதவைக்கும் பழக்கமும் இருந்தது.

கடைசியாக, 1940-ன் ரெட் பீ. இடுப்புப் பட்டையில் தேனீக்களை வைத்துக்கொண்டு திருடர்கள்மேல் ஏவுவார். கேலிக்குரியவர்கள் பட்டியலில் தவறாமல் இடம்பிடிப்பவர். உண்மையில் தேனீயைப் பழக்கலாம். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, வெடிபொருளின் வாசனைக்கு நாக்கை நீட்டும்படி பழக்கியிருக்கிறார்கள். அவருடைய செல்லத் தேனீயின் பெயர் மைக்கேல். ஆண் தேனீக்குக் கொடுக்கு கிடையாது.